சான் ஆண்ட்ரியாஸ் டெஃபினிட்டிவ் எடிஷன்: முதல் வேலையாக செட்டிங்ஸுக்குப் போங்கள்

ஜிடிஏ 5 முடித்தாயிற்று, அடுத்ததாக சான் ஆண்ட்ரியாஸ் ஆடலாம் என்றிருக்கிறேன், ஆனால் டெஃபினிட்டிவ் எடிஷனை, அதாவது 2021-ல் வந்த மெருகேற்றிய ரீமாஸ்டரை, ஆளாளுக்குத் திட்டுகிறார்களே, பழைய பிசி வெர்ஷனைத் தேடிப் பிடிக்கணுமா, இத்தனை வருஷம் கழித்து அந்த கேம் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாங்கும். முதல்முறை ஆடுபவர் என்பதால் ரீமாஸ்டரையே ஆடுங்கள். ஆனால் நியூ கேம் அழுத்துவதற்கு முன் செட்டிங்ஸுக்குள் போய் கிளாசிக் லைட்டிங்கை, அதாவது பழைய கேமின் வானமும் மூட்டமும் திரும்பும் வசதியை, ஆன் செய்துவிடுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பின்கதை வேண்டும்.

ஒரிஜினல் 2004 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தது, அடுத்த வருஷம் பிசிக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும். 2013-ல் வார் டிரம் ஸ்டூடியோஸ் என்ற சின்ன நிறுவனம் அதை மொபைலுக்குக் கொண்டுவந்தது. அந்த நிறுவனம்தான் 2020-ல் குரோவ் ஸ்ட்ரீட் கேம்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது, அதாவது கதாநாயகன் சிஜே குடியிருக்கும் தெருவின் பெயரையே. ஜிடிஏ 3, வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் மூன்றையும் அன்ரியல் எஞ்சின் 4 என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் மெருகேற்றி ஒரே தொகுப்பாக வெளியிடும் பொறுப்பும் அவர்களிடமே போனது. 2021 நவம்பர் 11-ல் தொகுப்பு வெளிவந்தது. வந்த வேகத்தில் பிசி வெர்ஷன் சில நாள் விற்பனையிலிருந்தே எடுக்கப்பட்டது, ஒரு வாரத்தில் கேமின் உரிமையாளரான ராக்ஸ்டார் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, கடையிலிருந்து தூக்கியிருந்த பழைய பிசி வெர்ஷன்களைத் திரும்ப வைப்பதாகவும் அறிவித்தது. நீங்கள் கேள்விப்படும் திட்டில் பெரும்பங்கு அந்த நவம்பர் மாதத்துத் திட்டுதான். அப்போது அது நியாயமான திட்டு. மழை பெய்தால் திரை முழுக்க வெள்ளைக் கோடாக இறங்கும், எதிரே வரும் வண்டி தெரியாது, தண்ணீர்ப் பரப்பின் மேல் பார்த்தால் அதே மழை காணாமல் போயிருக்கும். மனிதர்களின் முகமும் உடம்பும் பொம்மைக் கடையில் வாங்கியது மாதிரி இருந்தன.

ஆனால் இவையெல்லாம் பக், அதாவது மென்பொருள் பிழை. பக் என்றால் ஒருநாள் சரிசெய்துவிடலாம். என்னைப் பொறுத்தவரை பெரிய தவறு வேறு ஒன்று, அதைத் தெரிந்தே செய்தார்கள், முன்னேற்றம் என்று நினைத்துச் செய்தார்கள்: மூட்டத்தை எடுத்துவிட்டார்கள்.

பிளேஸ்டேஷன் 2-ல் மொத்தம் 32 எம்பி நினைவகம்தான். அதற்குள் மூன்று நகரம், நடுவில் காடு, பாலைவனம், ஒரு பெரிய மலை எல்லாம் ஓட வேண்டும். அதனால் நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி உள்ளதை மட்டும் வட்டிலிருந்து எடுத்து எடுத்துக் காட்டும், கொஞ்சம் தூரத்துக்கு அப்பால் எல்லாம் புகைமூட்டமாகக் கரைந்துவிடும். ஆரம்பத்தில் இது நினைவகம் போதாததால் வந்த தடுமாற்றம்தான், ஆனால் அந்தக் கலைஞர்கள் அதையே சொத்தாக மாற்றிவிட்டார்கள். லாஸ் சாண்டோஸில் மூட்டம் ஆரஞ்சு கலந்து இருக்கும், லாஸ் ஏஞ்சலஸின் தூசியும் புகையும் கலந்த மாலை வெளிச்சம் மாதிரி. சான் ஃபியரோவில் கடல்பனி. பாலைவனத்தில் புழுதி. இடத்துக்கு ஏற்ப நிறம் மாறுவதால், பாலத்தைத் தாண்டியதும் வேறு ஊருக்கு வந்துவிட்டோம் என்று உடம்பே உணரும்.

இந்த மூட்டம் மறைத்த ரகசியம் என்னவென்றால், அந்த உலகம் சின்னது. முழு மேப்பும் சுமார் 36 சதுர கிலோமீட்டர்தான், அதிலும் கடல் கணிசம். மூன்று நகரங்களும் கிட்டத்தட்ட தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஆனால் சாலைகளை வளைத்து வளைத்துப் போட்டு, குன்றுகளை நடுவில் நிறுத்தி, மிச்சத்தை மூட்டத்தால் மூடி, ஒரு மாநிலத்தையே கடந்து போகிற உணர்வைக் கொடுத்தார்கள். 2021 வெர்ஷனில் மூட்டம் போனதும் என்ன ஆனது? மவுண்ட் சிலியட் உச்சியில் ஏறி நின்றால் இந்தப் பக்கம் லாஸ் சாண்டோஸ் கட்டிடங்கள், அந்தப் பக்கம் சான் ஃபியரோ, ஓட்டுகிற தூரம் இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது. மேஜிக் செய்பவரின் மேஜை விரிப்பை உருவிவிட்டு, பாருங்கள் எவ்வளவு சுத்தமாகத் தெரிகிறது என்று காட்டின கதை.

2023 டிசம்பரில் இதே தொகுப்பு நெட்ஃபிளிக்ஸ் வழியாக மொபைலுக்கு வந்தது, அதை வீடியோ கேம்ஸ் டீலக்ஸ் என்ற ஆஸ்திரேலிய நிறுவனம் கையில் எடுத்துச் செய்திருந்தது. கிளாசிக் லைட்டிங் அங்கேதான் முதலில் தலைகாட்டியது. கன்சோல்காரர்களும் பிசிக்காரர்களும், காசு கொடுத்து வாங்கிய எங்களுக்கு இல்லாதது போனுக்கா என்று கிட்டத்தட்ட ஒரு வருஷம் புலம்பிய பிறகு, 2024 நவம்பரில் பெரிய அப்டேட்டாக எல்லோருக்கும் வந்தது. அதே அப்டேட்டோடு தொடக்கத் திரையிலிருந்து குரோவ் ஸ்ட்ரீட் கேம்ஸின் லோகோவும் மறைந்தது, அந்த அரசியலுக்குள் நான் போகவில்லை. கிளாசிக் லைட்டிங்கை ஆன் செய்தால் வானத்தின் நிறமும் தூரத்து மூட்டமும் பழையதற்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆஃப் செய்து ஐந்து நிமிடம், ஆன் செய்து ஐந்து நிமிடம் மாலை நேரத்தில் குரோவ் ஸ்ட்ரீட் இருக்கும் கான்டன் பக்கம் வண்டி ஓட்டிப் பாருங்கள், நான் இவ்வளவு எழுதியது எதற்கு என்று புரியும்.

சரி, திரும்பி வராதவை என்ன? முதலில் பாட்டு. பாடல்களின் உரிமம் காலாவதியானதால் ரேடியோவில் கணிசமான பாடல்கள் இல்லை. இது ரீமாஸ்டரின் குற்றம் மட்டும் அல்ல, 2014-லேயே ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் விற்ற பிசி வெர்ஷனிலிருந்து பலவற்றை எடுத்துவிட்டார்கள், வைஸ் சிட்டியில் மைக்கேல் ஜாக்சன் பாடல்கள் போனதும் இப்படித்தான். முதல்முறை கேட்பவருக்கு எது இல்லை என்று தெரியவே போவதில்லை, கவலை வேண்டாம். அடுத்தது இரண்டு பேர் சேர்ந்து ஆடும் வசதி, பழைய கன்சோல் வெர்ஷனில் இருந்தது, இதில் இல்லை. மூன்றாவது சின்ன விஷயம், ஆனால் எனக்கு இன்னும் உறுத்துவது: பழைய படங்களையெல்லாம் ஏஐ மென்பொருளில் போட்டுப் பெரிதாக்கினார்கள், அது கடைப் பலகைகளில் உள்ள எழுத்துகளைத் தப்பும் தவறுமாகப் புரிந்துகொண்டது. டஃப் நட் என்று ஒரு டோனட் கடை. அதன் மேலே இருந்த வளையம் அறுகோணமாக, போல்ட்டில் மாட்டுகிற நட்டு வடிவத்தில் இருந்தது, கடையின் பெயரோடு சேர்த்துப் பார்த்தால்தான் ஜோக் புரியும். மெருகேற்றியவர்கள் மூலைகளை மழுப்பி அதை வெறும் வட்டமாக்கிவிட்டார்கள். ஏன் அறுகோணம் என்று யாரும் ஒரு நொடி யோசிக்கவில்லை. வெளியான சமயத்தில் இந்த நட்டை வைத்து வந்த கிண்டல் கொஞ்சநஞ்சமல்ல, அதில் எதையும் மிகை என்று நான் சொல்லமாட்டேன்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் ரீமாஸ்டரையே ஆடச் சொல்கிறேன் என்றால், கைக்காக. ஜிடிஏ 5-க்குப் பழகிய கையோடு ஒரிஜினலைத் தொட்டால் முதல் அரைமணி நேரத்தில் எரிச்சலாகும். ஆயுதத்தை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போக வேண்டும், ரேடியோவும் அப்படியே. மேப்பில் புள்ளி வைத்தால் வழி காட்டும் கோடு கிடையாது. மிஷன் தோற்றால் மருத்துவமனை வாசலிலோ போலீஸ் ஸ்டேஷன் வாசலிலோ வெறுங்கையோடு நிற்பீர்கள், ஊரைத் தாண்டி ஓட்டி வந்து, துப்பாக்கி வாங்கி, மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ரீமாஸ்டரில் ஆயுதச் சக்கரம் இருக்கிறது, ரேடியோச் சக்கரம் இருக்கிறது, வழிகாட்டும் கோடு இருக்கிறது, ஆட்டோசேவ் இருக்கிறது, தோற்ற மிஷனை அங்கேயே உடனே மறுபடி தொடங்கலாம். கடைசியாகச் சொன்னது ஒன்றுக்காகவே காசு கொடுக்கலாம்.

பழைய பிசி வெர்ஷன் யாருக்கு என்றால், ஏற்கெனவே ஆடி முடித்தவர்களுக்கும் மாட், அதாவது ரசிகர்கள் செய்த மாற்றங்கள், போட்டுத் தோண்டுவதில் ஆசை உள்ளவர்களுக்கும். அதை அப்படியே நிறுவி ஆடவும் முடியாது. படம் ஓடும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஃபிரேம் லிமிட்டரை அணைத்தால் கேமின் இயற்பியல் குழம்பும், சிஜே நீந்துவதே ஊர்வது மாதிரி ஆகிவிடும். புது விண்டோஸில் மவுஸ் வேலை செய்யாமல் போவது இன்னொரு தலைவலி. சைலன்ட்பேட்ச் என்ற மாட் போட்டால் இதில் நிறைய தீரும், ஸ்கைஜிஎஃப்எக்ஸ் என்ற மாட் போட்டால் பிளேஸ்டேஷன் 2-ன் அந்த ஆரஞ்சு நிறம் பிசிக்கும் வரும், அப்புறம் பெரும்பாலான மாட்களுக்குப் கேமை இயக்கும் கோப்பின் பழைய 1.0 வெர்ஷனுக்கு இறங்க வேண்டியிருக்கும். அழகாக வரும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேமை முதன்முதலாக ஆடப்போகிறவர் இரண்டு மாலைகளை ஃபோல்டர்களுக்குள் கழிக்க வேண்டுமா?

இப்போது ஆடுவதைப் பற்றி. ஜிடிஏ 5-லிருந்து வருபவர்கள் இடறுவது பெரும்பாலும் போலீஸ் விஷயத்தில். 5-ல் போலீஸின் கண்ணில் படாமல் சந்தில் ஒளிந்திருந்தால், போலீஸ் உங்களை எவ்வளவு தீவிரமாகத் தேடுகிறது என்று காட்டும் ஸ்டார் இறங்கிவிடும். இங்கே உங்கள் இருப்பிடம் அவர்களுக்கு எப்போதும் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை ஸ்டார் தானாகப் போகும், அதற்கு மேல் என்றால் பே அன்ட் ஸ்ப்ரே என்ற கடையில் வண்டிக்குப் பெயின்ட் அடியுங்கள். அடித்ததும் ஸ்டார் மினுக்கிக்கொண்டிருக்கும், அது முழுதாக அணையும்வரை யாரையும் இடிக்காமல் ஓட்டுங்கள், இடித்தால் பழைய ஸ்டார் எல்லாம் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, மிஷனுக்கு வெளியே செத்தாலோ கைதானாலோ கையில் உள்ள ஆயுதம் அத்தனையும் போய்விடும்.

சிஜேயின் உடம்பையும் கவனிக்க வேண்டும். சாப்பிடாமல் விட்டால் முதலில் கொழுப்பு கரையும், அப்புறம் தசை கரையும். அளவில்லாமல் சாப்பிட்டால் வயிறு தள்ளிக்கொண்டு ஓட முடியாமல் தவிப்பார். ஜிம்மில் கொஞ்சம் நேரம் செலவிட்டால் போதும், இதை ஒரு தொழிலாகச் செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஒன்று மட்டும் முன்கூட்டியே செய்துவையுங்கள்: எங்காவது தண்ணீரைப் பார்த்தால் அவ்வப்போது மூழ்கி நீந்துங்கள். சான் ஃபியரோவில் ஆம்ஃபிபியஸ் அசால்ட் என்று ஒரு மிஷன் வரும், நுரையீரல் திறன் போதவில்லை என்றால் கேம் உங்களை உள்ளேயே விடாது, கதை சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது கடலில் முங்கி எழுந்து பயிற்சி செய்துகொண்டிருக்க நேரிடும்.

பக்க வேலைகளில் ஆம்புலன்ஸ் வேலை முதலிடம். 12 லெவல் முடித்தால் உயிர்க்கோடு நிரந்தரமாக நீளும். லாஸ் சாண்டோஸ் நெரிசலில் செய்யாதீர்கள், ஏஞ்சல் பைன் என்ற சின்ன ஊரில் செய்யுங்கள், ஆட்கள் பக்கத்துப் பக்கத்தில் கிடைப்பார்கள், மருத்துவமனையும் அங்கேயே. தீயணைப்பு வண்டியில் 12 லெவல் முடித்தால் சிஜே நெருப்பில் வேகமாட்டார். போலீஸ் வண்டியில் 12 முடித்தால் கவசத்தின் அளவு கூடும். இரவில் வீடு புகுந்து திருடும் வேலையில் 10,000 டாலர் சேர்ந்தால் மூச்சு வாங்காமல் ஓடிக்கொண்டே இருக்கலாம், எனக்கு இது ஆம்புலன்ஸைவிட அதிகம் உதவியிருக்கிறது. லாஸ் சாண்டோஸ் சுவர்களில் உள்ள 100 கேங் எழுத்துகளின் மீதும் ஸ்ப்ரே அடித்து முடித்தால் சிஜே வீட்டுக்குள்ளேயே ஆயுதங்கள் இலவசமாகக் கிடைக்கும். சிப்பி, குதிரை லாடம், ஃபோட்டோ என்று இன்னும் மூன்று வகைச் சேகரிப்பு உண்டு, ஒவ்வொன்றிலும் 50. அவற்றை மறந்துவிடுங்கள், அது இரண்டாம் முறை ஆடும்போது செய்கிற வேலை.

ஏரியா பிடிக்கும் கேங் சண்டை டோபர்மேன் மிஷனுக்குப் பிறகு திறக்கும். உடனே மொத்த ஊரையும் உங்கள் கேங்கின் நிறமான பச்சையாக்கக் கிளம்பிவிடாதீர்கள். ருசிக்கு இரண்டு மூன்று பிடியுங்கள், அவ்வளவு போதும். ஏன் என்று இப்போது சொன்னால் கதை கெட்டுவிடும். இறுதி மிஷனுக்கு முன் 35 சதவீதம் ஏரியா கேட்பார்கள், அப்போது சேர்த்துச் செய்துகொள்ளலாம்.

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் மிஷன்கள் மூன்று. ரயிலைத் துரத்தும் ராங் சைட் ஆஃப் தி டிராக்ஸ் பற்றி நீங்களே மீம் பார்த்திருப்பீர்கள். பைக்கை ரயிலை ஒட்டி ஓட்டினால் பின்னால் உட்கார்ந்திருக்கும் கூட்டாளி பிக் ஸ்மோக்கின் தோட்டாவெல்லாம் பெட்டியின் பக்கச் சுவரில்தான் போய்ப் படும். சற்று விலகி, இணையாக ஓட்டுங்கள், மேலே நிற்பவர்கள் அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பொம்மைக் கடைக்காரர் சீரோவின் பொம்மை விமான மிஷன்களும் பேர்போனவை, ஆனால் அவை கதைக்குக் கட்டாயம் இல்லை. அவருடைய கடையை வாங்கினால்தான் தலைவலி தொடங்கும், வாங்காமல் போய்க்கொண்டே இருக்கலாம். விமானப் பள்ளி மட்டும் கட்டாயம். 10 பாடம், ஒவ்வொன்றிலும் 70 மதிப்பெண் எடுத்தால் வெண்கலம், கதைக்கு அது போதும். மேலே கிளம்பியதும் சக்கரத்தை உள்ளே மடக்குங்கள், வேகம் கூடும். இதைச் செய்யாமலே, விமானம் மெதுவாகப் போகிறது என்று சபிப்பவர்கள் ஏராளம். தங்கத்துக்கு ஆசைப்பட்டு ஒரே இரவில் உட்காராதீர்கள், அதற்குப் பரிசாகக் கிடைக்கும் ஹன்டர் ஹெலிகாப்டர் எங்கேயும் ஓடிவிடாது.

கதையைப் பற்றி ஒரே ஒரு குறிப்பு. நடப்பது 1992. உங்களைப் பாடாய்ப் படுத்தும் டென்பென்னி என்ற போலீஸ் அதிகாரிக்குக் குரல் கொடுத்தவர் சாமுவேல் எல். ஜாக்சன். அவர் இருக்கும் கிராஷ் பிரிவு, லாஸ் ஏஞ்சலஸ் போலீஸில் அதே பெயரில் உண்மையாகவே இருந்த கேங் தடுப்புப் பிரிவின் சாயல், 90-களின் இறுதியில் ராம்பார்ட் என்ற போலீஸ் ஊழலில் நாறியது அதுதான். 1991-ல் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் போலீசார் அடித்தது, 1992 ஏப்ரலில் அவர்கள் விடுதலையானது, ஊர் பற்றி எரிந்தது, இவ்வளவை மட்டும் ஆடுவதற்கு முன் படித்துக்கொள்ளுங்கள். பழைய கேங் கதை மாதிரி தொடங்குகிற இது எங்கே போய் நிற்கிறது என்பது அப்போது இன்னும் உறைக்கும். நடுவில் கதை காடு, பாலைவனம், சூதாட்ட நகரம் என்று வெகுதூரம் அலையும், சில இடங்களில் குரோவ் ஸ்ட்ரீட்டையே மறந்துவிட்டார்களோ என்று தோன்றும். தோன்றட்டும், அந்த அலைச்சல்தான் என் கணக்கில் இந்த கேமின் ருசி. அந்தப் பகுதிகளில் வழிகாட்டும் கோடு இருக்கிறதே என்று வெறுமனே அதைப் பின்தொடராமல், ரேடியோவைக் கன்ட்ரி இசை ஸ்டேஷனான கே-ரோஸில் வைத்துவிட்டு மலைப் பாதையில் ஓட்டுங்கள். டாக் ஸ்டேஷன் டபிள்யூசிடிஆரையும் இடையிடையே கேளுங்கள், நீங்கள் செய்த மிஷன்களே செய்தியாக வாசிக்கப்படும்.

சீட் கோட் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஆயுதம், பணம், ஜெட்பேக் எல்லாம் தாராளமாகப் போடுங்கள், வேடிக்கைக்குத்தானே ஆடுகிறோம். ஆனால் தெருவில் போகிறவர்களின் நடத்தையை மாற்றும் கோட்களை, அதாவது கலவரம், எல்லோர் கையிலும் துப்பாக்கி மாதிரியானவற்றை, போட்டுவிட்டு சேவ் செய்யாதீர்கள். ஒரிஜினலில் அப்படிச் செய்தால் அது அந்த சேவோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும், பிறகு லாஸ் வென்ச்சுராஸில் மேட் டாக் என்ற ராப் பாடகர் மாடியில் நிற்கும் மிஷன் வரும்போது, நீங்கள் கீழே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவதற்குள் அவர் குதித்துவிடுவார், கதை அத்தோடு முட்டுச்சந்து. ரீமாஸ்டரில் ஆட்டோசேவ் வேறு இருப்பதால், அந்த மாதிரி ஆட்டம் போட ஆசை வந்தால் தனியாக ஒரு சேவ் ஸ்லாட் வைத்துக்கொண்டு போடுங்கள்.